முப்பது பெட்டைக்கு எந்தக் கிடா? நெல்லூர் ஜோடிப்பியா, நம்ம சிவப்பா?

அணைக்கட்டு பட்டி
வணக்கம். அணைக்கட்டுப் பக்கம் முப்பது செம்மறிப் பெட்டைகள் வைத்திருக்கிறேன். எல்லாம் நம்ம பக்கத்துச் சிவப்பு ஆடுகள். பகலில் மேய்ச்சல், மாலையில் கொஞ்சம் வேலிமசால் பசுந்தீவனம். சேர்க்கைக்கு வைத்திருக்கிற பொலிகிடாவின் மகள்களே பருவத்துக்கு வரத் தொடங்கிவிட்டதால் கிடாவை மாற்றியாக வேண்டும். கே.வி.குப்பம் சந்தையில் நெல்லூர் இனத்தில் ஜோடிப்பி வகைக் கிடா ஒன்று பார்த்தேன், நல்ல உயரம். அப்பாவோ, "வெளியில் எதற்கு, நம்ம பட்டியில் கொழுத்த குட்டியையே கிடாவாக நிறுத்து" என்கிறார். ஒரு கிடாவுக்குத்தான் பணம் இருக்கிறது. எது சரி?

பேர்ணாம்பட்டு மந்தை
தம்பி, ஜோடிப்பியை வாங்குங்கள். நாட்டிலேயே உயரமான செம்மறி இனம் நெல்லூர்தான். நம்ம சிவப்புப் பெட்டையோடு சேர்த்தால் குட்டி வேகமாக எடை ஏறும், அதை என் பட்டியில் தினமும் பார்க்கிறேன். பக்ரீத் நேரத்தில் ஆம்பூர், வாணியம்பாடி வியாபாரிகள் உயரத்தையும் கொம்பையும் பார்த்துத்தான் விலை பேசுகிறார்கள். ஆடு வளர்ப்பது விற்கத்தானே?

ஜவ்வாது மேய்ச்சல்
அண்ணா, விற்கிற குட்டிக்கு நீங்கள் சொல்வது சரி. விற்காமல் பட்டியில் நிறுத்துகிற குட்டிக்கு? முப்பது பெட்டையில் ஆண்டுக்கு ஐந்தில் ஒரு பங்கு வயதாகியோ நோயிலோ கழியும். அந்த இடத்துக்கு ஆறு பெட்டைக்குட்டிகளை நிறுத்தியாக வேண்டும். ஒரே கிடா ஜோடிப்பி என்றால் அந்த ஆறும் பாதி நெல்லூர். அடுத்த கிடாவும் ஜோடிப்பி என்றால் முக்கால். பெரிய உடம்புக்குப் பெரிய வயிறு. ஆடு தன் எடையில் மூன்று, நான்கு சதவீதம் அளவுக்கு உலர்ந்த தீனி தின்னும். சித்திரையில் மலையடிவாரம் காய்ந்து கிடக்கும்போது அந்த வயிற்றை யார் நிரப்புவது? அப்புறம் முதல் முறை ஈனுகிற தலை ஈத்துப் பெட்டைக்குக் குட்டி பெரிதாகி, ஈன முடியாமல் போகிற பயமும் இருக்கிறது.

பேர்ணாம்பட்டு மந்தை
ஈன முடியாது என்பதைப் பெரிதாக்க வேண்டாம். பிறக்கும்போது குட்டி எவ்வளவு பெரிதாக இருக்கும் என்பதில் தாயின் உடம்புக்குப் பெரிய பங்கு உண்டு, கிடா மட்டும் தீர்மானிப்பதில்லை. தலை ஈத்துப் பெட்டைகளை மட்டும் தனியாகப் பிரித்து வையுங்கள், போதும். இன்னொன்று, நாம் 'நம்ம சிவப்பு' என்று சொல்வதில் பாதி சந்தையில் வாங்கியது. அதில் எத்தனை தலைமுறைக் கலப்பு இருக்கிறதோ! இல்லாத தூய்மையைக் காப்பாற்ற வேண்டுமென்று தம்பியின் வருமானத்தை ஏன் குறைக்க வேண்டும்?

ஜவ்வாது மேய்ச்சல்
தூய்மைக்காக நான் பேசவில்லை. அந்தப் பெட்டைகள் இந்த வெயிலில், இந்த மேய்ச்சலில் வளர்ந்து, குட்டி போட்டு, பால் கொடுத்துத் தாங்கி நின்றவை. பிறப்புச் சீட்டு இல்லாவிட்டாலும் அந்தத் தாங்கும் சக்தி இருக்கிறது. அதை இரண்டு தலைமுறையில் கரைத்துவிட்டால் திரும்ப வாங்க எந்தச் சந்தையிலும் கிடைக்காது.

கால்நடைப் பட்டதாரி
இனத்தைப் பேசும் முன் கிடாவைப் புரட்டிப் பாருங்கள். சந்தையில் பெரும்பாலோர் முதுகைத் தடவி, உயரம் பார்த்துவிட்டுக் காசைக் கொடுத்துவிடுகிறார்கள்.

முதலில் விதைப்பை. இரண்டு விதைகளும் கீழே இறங்கி, ஒரே அளவில், அழுத்தினால் கெட்டியாக இருக்க வேண்டும். ஒரு விதை வயிற்றிலேயே தங்கியிருந்தால் எவ்வளவு அழகான கிடாவானாலும் வேண்டாம், அந்தக் குறை குட்டிகளுக்கும் போகும். விதையின் அடிப்பக்கம் கட்டி தட்டுப்பட்டாலும் விட்டுவிடுங்கள், கருச்சிதைவு நோயின் (புரூசெல்லா) அடையாளமாக இருக்கலாம். அடுத்து வாய். இரண்டு பல் போட்டது ஒன்று, ஒன்றரை வயது, நான்கு பல் ஏறக்குறைய இரண்டு வயது. கீழ்ப்பற்கள் மேல் ஈறோடு நேராகப் பொருந்த வேண்டும், தாடை முன்னே நீண்டோ உள்ளே போயோ இருந்தால் மேய முடியாது. கண் இமையின் உள்பக்கம் வெளுத்திருந்தால் வயிற்றில் ரத்தம் உறிஞ்சும் புழு இருக்கலாம். நடக்கவிட்டுப் பின்னங்கால்களைப் பாருங்கள். பின்கால் வலிக்கிற கிடா பெட்டை மேல் ஏறாது.

நல்ல வயதுக் கிடா ஒன்று இருபத்தைந்து, முப்பது பெட்டைக்குப் போதும். இரண்டு பல் கிடா என்றால் பதினைந்துக்கு மேல் விடாதீர்கள்.

இன்னொரு விஷயம், நம்ம வேலூர் வெயில். விதை உடம்பை விடச் சில டிகிரி குளிர்ச்சியாக இருந்தால்தான் விந்து நன்றாக உருவாகும். கத்திரியில் நாற்பது டிகிரிக்கு மேல் காய்ந்த கிடாவின் விந்து கெட்டிருந்தால், அது சரியாக ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகும். வெயிலில் லாரியில் ஏற்றி வந்து மறுநாளே பட்டியில் விட்டு, சினை பிடிக்கவில்லை என்று கிடாவைக் குறை சொல்வதில் நியாயமில்லை. சேர்க்கைக்கு இரண்டு மாதம் முன்பே வாங்கி, நிழலில் கட்டி, நல்ல தீனி கொடுங்கள். முதல் மூன்று, நான்கு வாரம் மந்தையோடு சேர்க்காதீர்கள். அதற்குள் குடற்புழு மருந்து கொடுத்து, ஆட்டுக்கொல்லி நோய்த் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அணைக்கட்டு பட்டி
நன்றி சார். அப்பா சொல்கிற கொழுத்த குட்டியைப் பற்றி யாரும் பேசவில்லையே?

கால்நடைப் பட்டதாரி
அந்தக் குட்டி உங்கள் பட்டியில் பருவத்துக்கு வரும் பெட்டைகளுக்கு அண்ணனோ தம்பியோ, அப்பன் ஒன்றுதானே. பழைய கிடாவையே மகள் மேல் விட்டால் பிறக்கும் குட்டியில் உறவுக்கலப்பு 25 சதவீதம். ஒரே அப்பனின் பிள்ளைகள் சேர்ந்தால் 12.5. குறைவுதான், ஆனாலும் மெலிந்த குட்டியும் சாகிற குட்டியும் அதிகமாகும். தவிர, கொழுத்த குட்டி என்பது பெரும்பாலும் பால் நிறைந்த நடுவயதுத் தாய்க்குத் தனியாகப் பிறந்தது. இரட்டையில் பிறந்த குட்டி பாலைப் பங்கு போட்டுக்கொள்வதால் சின்னதாகத் தெரியும். கண்ணால் பார்த்துப் பெரியதையே நிறுத்திக்கொண்டு வந்தால், இரட்டை போடும் வம்சத்தை நாமே கழித்துவிடுகிறோம்.

பாலாற்றங்கரை
பெரியவர் சொன்னதைத் தள்ளிவிட வேண்டாம். சந்தைக் கிடாவின் தாயை நம்மால் பார்க்க முடியாது, பட்டிக் குட்டியின் தாயை நன்றாகத் தெரியும். நல்ல தாய்க்குப் பிறந்த அந்தக் குட்டியைச் சொந்தமில்லாத இன்னொரு ஊர்ப் பட்டியின் நல்ல குட்டியோடு மாற்றிக்கொள்ளலாம். எங்கள் பக்கம் ஆட்டு மந்தை ஓட்டும் கீதாரிகள் அப்படித்தான் செய்கிறார்கள், பணமும் மிச்சம்.

பேர்ணாம்பட்டு மந்தை
மேச்சேரி இனக் கிடா கிடைத்தாலும் பார்க்கலாமே? தோல் நல்ல பெயர் பெற்றது.

ஜவ்வாது மேய்ச்சல்
ஆம்பூரில் தோலுக்கு என்ன விலை போனாலும் நமக்கு உயிர் எடைக்குத்தான் காசு தருகிறார்கள். மேச்சேரிக்குக் கொம்பும் கிடையாது. கொம்பு பார்த்து விலை பேசுகிறார்கள் என்று நீங்களே மேலே சொன்னீர்கள்.

பேர்ணாம்பட்டு மந்தை
சரி, அதை விடுங்கள். ஜோடிப்பியை நான் விடமாட்டேன். தம்பி, நிறுத்த வேண்டிய குட்டிகளுக்காக நல்ல பெட்டைகள் இருபதைச் சிவப்புக் கிடாவுக்கு விடுங்கள். மீதிப் பத்தை என் ஜோடிப்பியிடம் ஓட்டி வாருங்கள். அதில் பிறக்கும் கிடாவும் பெட்டையும் மொத்தமாக விற்பனைக்கு. பழைய ஆட்டுக்காரர்கள் கிடாவை ஊர் விட்டு ஊர் விட்டுத்தான் பிழைத்தார்கள்.

ஜவ்வாது மேய்ச்சல்
கலப்புக் குட்டி ஒன்றைக்கூட நிறுத்தக் கூடாது என்றால் எனக்கு எதிர்ப்பு இல்லை. ஆனால் அழகான கலப்புப் பெட்டைக்குட்டியைப் பார்த்த பிறகு விற்க யாருக்கும் மனசு வராது. அங்கேதான் மந்தை மாறத் தொடங்கும்.

கால்நடைப் பட்டதாரி
பல பட்டிப் பெட்டைகளைச் சேர்க்கும் கிடாவிடம் கருச்சிதைவு நோய் சுலபமாக ஏறும். அண்ணா, உங்கள் கிடாவுக்கு ரத்தப் பரிசோதனை செய்த பிறகு தம்பி ஓட்டி வரட்டும்.

பேர்ணாம்பட்டு மந்தை
செய்கிறேன். இருந்தாலும் இதுவரை எந்தப் பட்டியிலும் என் கிடாவால் கெடுதல் வந்ததில்லை.

அணைக்கட்டு பட்டி
ஆற்காடு பக்கம் தெரிந்தவர் பட்டியில் நான்கு பல் சிவப்புக் கிடா ஒன்று இருக்கிறது, தாயும் அங்கேயே இருக்கிறதாம். அப்பாவையும் கூட்டிக்கொண்டு போகிறேன். அங்கே என்ன கேட்க வேண்டும்?

கால்நடைப் பட்டதாரி
தாய் எத்தனை ஈத்து, ஒவ்வொரு ஈத்திலும் எத்தனை குட்டி பால் மறக்கும்வரை பிழைத்தது, ஒரு ஈத்துக்கும் அடுத்ததற்கும் எவ்வளவு இடைவெளி என்று கேளுங்கள். மடியைத் தொட்டுப் பாருங்கள். கூடப் பிறந்தவை பட்டியில் இருந்தால் அவற்றையும் காட்டச் சொல்லுங்கள். வாங்கி வந்து சேர்க்கைக்கு விடும்போது காவியை எண்ணெயில் குழைத்து நெஞ்சில் பூசிவிடுங்கள், ஏறிய பெட்டையின் முதுகில் நிறம் ஒட்டும். சினை பிடிக்காத பெட்டை பதினேழு நாளில் மறுபடி பருவத்துக்கு வரும் என்பதால், அதன்பின் வேறு நிறம் பூசுங்கள். பெரும்பாலான பெட்டைகளில் இரண்டாவது நிறமும் ஒட்டியிருந்தால் கிடாவை உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.