மே மாதம் பிள்ளைகளோடு மலை ஏற மதுரைப் பக்கம் எங்கே போகலாம்?

கோச்சடை செல்வி:
எல்லோருக்கும் வணக்கம். சித்திரைத் திருவிழா முடிந்த கையோடு சென்னையிலிருந்து அண்ணன் குடும்பம் வருகிறது, கூடவே என் வீட்டுக்காரரின் கல்லூரி நண்பர் குடும்பமும் கோவையிலிருந்து வருகிறது. பெரியவர்கள், பொடிசுகள் எல்லாம் சேர்ந்தால் ஒரு வேன் நிறைந்துவிடும். ஒரு நாளாவது எல்லோரும் ஒன்றாக மலை ஏற வேண்டும் என்று ஆசை. ஆண்கள் சதுரகிரி என்கிறார்கள். பிள்ளைகள் கொழுக்குமலை வீடியோ பார்த்துவிட்டு குரங்கணி, குரங்கணி என்று ஒரே பாட்டு. கடைக்குட்டிக்கு ஆறு வயது, அம்மாவுக்கு முழங்கால் வலி, ஆனாலும் "நானும் வருவேன்" என்று நிற்கிறார். அக்னி நட்சத்திர வெயிலை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

ஒத்தக்கடைக்காரன்:
அக்கா, சதுரகிரியை இந்தத் தடவை விட்டுவிடுங்கள். தாணிப்பாறையில் ஏறத் தொடங்கினால் வழுக்குப்பாறை, சங்கிலிப்பாறை என்று பாதை முழுக்கக் கல்லும் மேடும்தான், பழக்கப்பட்டவர்களுக்கே சில மணி நேரம் பிடிக்கும், ஆறு வயசுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு யார் ஏறுவது? மே மாதம் ஓடையில் தண்ணீர் இருக்காது, ஆனால் மேலே கோடை மழை கொட்டினால் அதே ஓடை திடீரென்று பெருகி வரும். 2015 மே மாதம் அப்படி வந்த வெள்ளத்தில்தான் பக்தர்கள் அடித்துப் போகப்பட்டு இறந்தார்கள். காய்ந்துதானே கிடக்கிறது என்று ஓடைக்குள் உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்த்தாலே எனக்குப் பதறும்.

போடி தம்பி:
கொழுக்குமலைக்கு நடந்து ஏறும் அடிவார ஊரான குரங்கணி பற்றி நான் சொல்கிறேன். எங்கள் ஊர்ப் பக்கம், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்லிவிடுகிறேன். 2018 மார்ச் 11 அன்று கொழுக்குமலையிலிருந்து இறங்கி வந்தவர்கள் காட்டுத்தீயில் மாட்டி 23 பேர் இறந்துபோனார்கள். அந்தச் சரிவெல்லாம் ஆள் உயரப் புல். கோடையில் சருகாகக் காய்ந்து நிற்கும், தீப்பிடித்தால் சமதரையில் போவதைவிட மேட்டைப் பார்த்துப் பல மடங்கு வேகமாக ஏறும், காற்றும் சேர்ந்துகொண்டால் மனிதன் ஓடித் தப்ப முடியாது. தீயைக் கண்டதும் மேலே ஏறி ஓடத்தான் தோன்றும், அதுதான் ஆபத்து. அதனால்தான் தீக்காலத்தில் வனத்துறை பாதைகளை மூடுகிறது. 2024 அக்டோபரில் 40 பாதைகளோடு அரசே மலையேற்றத் திட்டம் தொடங்கியது, குரங்கணி - சாம்பலாறு அதில் ஒன்று. இணையத்தில் பதிவு செய்து, வழிகாட்டியோடு போவது மட்டும்தான் சரி. "நம்ம பையன் ஒருத்தன் கூட்டிட்டுப் போவான்" என்று யாராவது சொன்னால் தயவுசெய்து நம்பாதீர்கள். பிள்ளைகளுக்குக் கொழுக்குமலைதான் வேண்டும் என்றால் போடிமெட்டு ஏறி, சூரியநெல்லி போய், அங்கிருந்து ஜீப்பில் போகலாம். உடம்பு ஆடும், ஆனால் யாரும் நடக்க வேண்டாம்.

நாகமலை டீச்சர்:
செல்வி, வீட்டுக்குப் பக்கத்திலேயே சமணர் மலை இருக்கிறதே! தேனி சாலையில் போய் கீழக்குயில்குடிக்குத் திரும்பினால் தாமரைக் குளம், அய்யனார் கோயில், பெரிய பெரிய ஆலமரங்கள். அம்மா அங்கேயே நிழலில் உட்காரலாம். விடிய ஐந்தரைக்கெல்லாம் அடிவாரத்தில் இருங்கள். பாறையில் வெட்டிய படி, கைப்பிடிக் கம்பி உண்டு, பிள்ளைகள் உங்களுக்கு முன்னால் ஓடுவார்கள். பேச்சிப்பள்ளத்தில் பாறையை ஒட்டி வரிசையாகத் தீர்த்தங்கரர் (சமண குருமார்) சிலைகள், காலடியில் வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்து. பக்கத்தில் சுனை. சின்னவர்களை அங்கே உட்கார வைத்து, பாம்புப் படத்துக்குக் கீழே நிற்பவர் யார், உடம்பில் கொடி சுற்றி நிற்பவர் யார் என்று கேட்டுப் பாருங்கள், அரை மணி நேரம் நகர மாட்டார்கள். விடை, பார்சுவநாதரும் பாகுபலியும். அதற்கு மேலே வெறும் பாறை, பெரியவர்கள் மட்டும் போய் வரலாம்.

இறங்கிய பிறகு மலையின் மறுபக்கம் செட்டிப்புடவு. அதற்கு அதிகம் ஏற வேண்டாம், அம்மாவையும் மெதுவாகக் கூட்டிப் போகலாம். குகைக்குள்ளே சிங்கத்தின் மேல் உட்கார்ந்து யானை மேல் வருபவனோடு சண்டை போடும் பெண் தெய்வம் இருக்கிறாள், கட்டாயம் காட்டுங்கள். ஆனால் எட்டரை மணிக்குள் எல்லோரும் தரையில் இருக்க வேண்டும். ஒன்பதுக்கு மேல் அந்தப் பாறை அனலாகிவிடும், தலைக்கு மேலே வெயில், காலுக்குக் கீழே சூடு, குழந்தைகள் சீக்கிரம் துவண்டுவிடும். மேலே கடை கிடையாது. ஆளுக்கு ஒரு லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர், கொஞ்சம் உப்பு போட்ட மோர், வெள்ளரிக்காய் எடுத்துக்கொள்ளுங்கள்.

கோச்சடை செல்வி:
டீச்சர், ரொம்ப நன்றி. இவ்வளவு பக்கத்தில் இருந்தும் இந்தப் பக்கம் யோசிக்கவே இல்லை. கோவை நண்பர் மட்டும் "இது சின்ன மலை, யானைமலையாவது ஏறலாம்" என்கிறார். ஒத்தக்கடைத் தம்பி, உங்கள் ஊர் மலைதானே, முடியுமா?

ஒத்தக்கடைக்காரன்:
பிள்ளைகளோடு வேண்டாம் அக்கா. முதுகுப் பக்கம் வழுவழுவென்று மொட்டைப் பாறை, பிடிமானம் கிடையாது. அடிவாரத்தில் நரசிங்கப் பெருமாள் குடைவரை பாருங்கள், கி.பி. 770 வாக்கில் பாண்டியரின் அமைச்சர் மாறன் காரி குடைவித்தது. நண்பருக்கு மலை பெரிதாகத்தான் வேண்டும் என்றால் மறுநாள் சிறுமலை. 18 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போனாலே காற்று மாறிவிடும், அகஸ்தியர்புரத்திலிருந்து வெள்ளிமலை ஏறலாம், அனுமதி உண்டா என்று வனத்துறையிடம் முந்தின நாளே கேட்டுவிடுங்கள். வேன் டிரைவர் மலைப்பாதை ஓட்டிப் பழகியவரா என்றும் பாருங்கள்.