பிற சமயத்தவர் உங்களைக் கேட்ட ஒரு கேள்வி: அனுபவத்தை எழுதுங்கள்

நாகப்பட்டினம், ஓய்வுபெற்ற ஆசிரியை

எங்கள் ஊருக்கு வடக்கே நாகூர், தெற்கே வேளாங்கண்ணி, மேற்கே சிக்கல் சிங்காரவேலர். நாகூர் தர்காவின் பெரிய மினாராவைக் கட்டிக்கொடுத்தது தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங் என்று அப்பா சொல்லித்தான் கந்தூரிக்கு எங்களைக் கூட்டிப்போவார். அப்படி வளர்ந்த கத்தோலிக்கப் பெண் நான். ஆனால் கூடவே வாழ்வது வேறு, காது கொடுத்துக் கேட்பது வேறு என்பது இருபது வயதில்தான் புரிந்தது.

வேளாங்கண்ணி மாதா கோயிலின் ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்கு முன்பே காவி உடுத்திய நடைப்பயணிகள் எங்கள் தெரு வழியாகப் போகத் தொடங்கிவிடுவார்கள். பாதிக்கு மேல் இந்துக்கள்தான் என்று தோன்றும். ஒரு வருடம் கரூர்ப் பக்கமிருந்து வந்த ஓர் அம்மா எங்கள் திண்ணையில் கால்நீட்டி உட்கார்ந்திருந்தார். எங்க ஊரு மாரியாத்தாளும் இவளும் ஒண்ணுதான் என்றார். மறைக்கல்வியில் பரிசு வாங்கிய சூடு எனக்கு. "இல்லைங்கம்மா, மாதாவை நாங்க ஆராதிக்கறதில்ல, அவங்க வழியா கடவுள்கிட்ட வேண்டிக்கறோம்" என்று விளக்கம் கொடுத்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி கண்ணு. நீ அவகிட்ட என்ன கேட்டு அழுதிருக்க?" என்றார்.

எனக்குப் பதில் இல்லை. நான் அழுததே இல்லை. மனப்பாடமாகச் சொல்லியிருக்கிறேன், அவ்வளவுதான்.

மறுநாள் அவரோடு வேளாங்கண்ணிக்கு நடந்தேன். மாதா குளம் வரைக்கும் அந்த மணல் பாதையில் அவர் முழங்காலில் போனார். தண்ணீர்ச் செம்பைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே போனேன். பிற்பாடு, 1965 அக்டோபர் 28 அன்று கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட அறிக்கையை வாசித்தேன். பிற சமயங்களில் உண்மையும் தூய்மையுமாக உள்ள எதையும் திருச்சபை தள்ளிவிடுவதில்லை என்ற வரி வந்ததும், கரூர் அம்மாவின் கொப்புளம் போட்ட முழங்கால்தான் கண்முன் வந்தது.

பிற சமயத்தவருக்கு நாம் எடுத்துச் சொன்னதை விட்டுவிடுங்கள். அவர்கள் நம்மைக் கேட்டதை, நமக்குக் காட்டியதை எழுதுங்கள்.

அபுதாபி, செவிலியர்

டீச்சர், நீங்கள் மாதாவிடம் தொடங்கியதால் நானும் அங்கேயே தொடங்குகிறேன்.

பிரசவ வார்டில் வேலை. சிரியா நாட்டுப் பெண் ஒருத்திக்கு இரவு முழுக்க வலி. அவளுடைய அம்மா ஒரு டப்பாவில் பேரீச்சம்பழம் கொண்டு வந்திருந்தார். ஒவ்வொன்றாக ஊட்டிக்கொண்டே ஏதோ ஓதினார். அதில் "மர்யம்" என்ற சொல் மட்டும் எனக்குப் புரிந்தது. என் பெயரிலும் மேரி இருப்பதைப் பெயர்ப்பட்டையில் பார்த்ததும் அந்தம்மா என் கையைப் பிடித்து மகளின் வயிற்றின் மேல் வைத்தார்.

விடிந்த பிறகு, கூட வேலை செய்யும் மலையாளி முஸ்லிம் தோழிதான் விளக்கினாள். குர்ஆனின் 19ஆம் அத்தியாயத்துக்கே மர்யம் என்று பெயராம். அந்த நூல் முழுவதிலும் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படும் ஒரே பெண் அவர்தான். பிரசவ வலி தாங்காமல் ஒரு பேரீச்ச மரத்தடிக்குப் போய், இதற்கு முன்பே செத்திருக்கக்கூடாதா என்று கதறுகிறார். மரத்தை உலுக்கு, பழம் விழும், சாப்பிடு, குடி, மனம் குளிர்ந்திரு என்று அவருக்கு ஆறுதல் சொல்லப்படுகிறது.

நான் ஆடிப்போய்விட்டேன். ஒரு செபமாலைக்கு ஐம்பத்து மூன்று முறை 'அருள் நிறைந்த மரியே' சொல்பவள் நான். வேதனையின்றிப் பெற்றெடுத்தார் என்பதே நம் மரபில் சொல்லப்படுவது. ஆனால் தன்னந்தனியாக, பயந்துபோன ஒரு சின்னப் பெண்ணாக நான் அவரை நினைத்துப் பார்த்ததே இல்லை. இத்தனைக்கும் தினமும் அப்படிப்பட்ட பெண்களைத்தான் தொட்டுத் தூக்குகிறேன்.

தோழியும் நானும் வேறுபாட்டை மழுப்புவதில்லை. அவளுக்கு ஈசா நபி, அதாவது இயேசு, இறைத்தூதர். சிலுவையில் இறந்தார் என்பதை அவள் ஏற்கமாட்டாள். எனக்கு அதுவே மீட்பு. நேராகப் பேசியிருக்கிறோம், ஓரிரு நாள் பேசாமலும் இருந்திருக்கிறோம். 2019 பிப்ரவரி 4 அன்று இங்கே போப் பிரான்சிசும் எகிப்தின் அல் அஸ்ஹர் தலைமை இமாம் அகமது அல் தயீபும் மனித சகோதரத்துவ ஆவணத்தில் கையெழுத்திட்டார்கள். மறுநாள் சயீத் விளையாட்டு அரங்கில் திருப்பலி (பூசை). அரபு தீபகற்பத்தில் ஒரு போப் நிறைவேற்றிய முதல் திருப்பலி அது. நான் அதில் கலந்துகொள்ள முடிந்ததற்கு ஒரே காரணம், முந்தைய இரவு என் டியூட்டியை அவள் பார்த்ததுதான்.

திருச்சி மாவட்டம்

நான் எழுதப்போவது கொஞ்சம் கசப்பானது. மன்னிக்கவும்.

குருவாகப் படிக்கும் குருமடத்தில் இரண்டு வருடம் இருந்தேன். அப்போது குளித்தலை பக்கம் தண்ணீர்ப்பள்ளியில் உள்ள சாந்திவனத்துக்கு எங்களைக் கூட்டிப்போனார்கள். ஜூல் மோன்சானின், பின்னாளில் அபிஷிக்தானந்தா என்று அறியப்பட்ட ஹென்றி லெ சோ என்ற இரு பிரெஞ்சுக் குருக்கள் 1950இல் தொடங்கிய ஆசிரமம். 1968 முதல் ஆங்கிலேயத் துறவி பீட் கிரிபித்ஸ் அங்கே இருந்தார். காவிரிக் கரை, கோயில் மாதிரி கட்டடம், காலைச் செபத்தில் சந்தனம், நண்பகலில் குங்குமம், மாலையில் திருநீறு, சமஸ்கிருத மந்திரம். அந்த அமைதி என்னை உண்மையாகவே தொட்டது. அதைக் குறைத்துச் சொல்லமாட்டேன்.

வீட்டுக்கு வந்து தாத்தாவிடம் சொன்னேன். அவர் பறை அடித்தவர். எல்லாம் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "அங்க பறை இருந்துச்சாடா?"

இல்லை. எங்கள் சொந்தப் பங்குக் கோயிலிலேயே அது சாவு மேளம் என்று அப்போது கோயில் வாசலோடு நிறுத்தியிருந்தார்கள். திருச்சபை உள்ளூர்ப் பண்பாட்டை ஏற்பதைப் பண்பாட்டுமயமாதல் என்கிறார்கள். யாருடைய பண்பாடு? தமிழகக் கத்தோலிக்கரில் பெரும்பகுதி தலித் மக்கள். நாம் பேசப் போகும் 'இந்து' எங்கள் பெரியப்பா வீட்டில்தான் இருக்கிறார்.

இது அலங்காரப் பேச்சு அல்ல. பெரியப்பா குடும்பம் இந்து, நாங்கள் கிறிஸ்தவர்கள், ஒரே பாட்டனின் பேரன்கள். பட்டியல் சாதிகள் பற்றிய 1950 ஆகஸ்ட் 10 குடியரசுத் தலைவர் ஆணைப்படி, பெரியப்பா மகனான அண்ணனுக்கு எஸ்.சி. சான்றிதழ். எனக்கு பி.சி. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் அந்த ஆணையில் சேர்த்த பிறகும் எங்களைச் சேர்க்கவில்லை. தெருவில் எங்கள் இருவருக்கும் ஒரே மரியாதைதான் கிடைக்கிறது என்பது வேறு விஷயம். வருடாவருடம் ஆகஸ்ட் 10 அன்று கறுப்பு நாள் ஆர்ப்பாட்டத்துக்குப் போவோம். ஒரு வருடம் அண்ணன் தன் கூலியை விட்டுவிட்டு, மாரியம்மன் திருவிழாவுக்கு அடிக்கும் அதே பறையோடு வந்து நின்றான். "உனக்குத்தான் சான்றிதழ் இருக்கே, நீ எதுக்குண்ணே?" என்றேன். "உன் சாமி வேற. உன் வலி வேறயாடா?" என்றான்.

பல்சமய உரையாடல் பற்றி எத்தனையோ கருத்தரங்கில் உட்கார்ந்திருக்கிறேன். அண்ணன் கேட்ட மாதிரி அங்கே யாரும் கேட்டதில்லை. இப்போது எங்கள் பங்கில் திருப்பலி வருகைப் பவனியில் பறை ஒலிக்கிறது. தாத்தா பார்க்க இல்லை.

கோயம்புத்தூர்

தம்பி எழுதியதைப் படித்துவிட்டு வெகுநேரம் எதுவும் தட்டச்ச முடியவில்லை. என்னுடையது சின்ன அனுபவம்.

என் கணவர் சைவர். சர்ச்சில் திருமணம் நடக்க ஆயரின் (பிஷப்பின்) விதிவிலக்கு வாங்கினோம். பிள்ளைகளுக்குத் திருமுழுக்குக் கொடுக்க என்னால் இயன்றதைச் செய்வேன் என்று நான் உறுதி தர வேண்டியிருந்தது. மாமியாருக்கு விவரம் தெரிந்ததும், "எங்க பக்கத்துக்கு என்னம்மா உறுதி தருவ?" என்றார். சண்டைக்குக் கேட்கவில்லை, வருத்தமாகக் கேட்டார். மகனுக்குத் திருமுழுக்கு நடந்த அன்று, மெழுகுதிரிச் சுடர் மின்விசிறிக் காற்றில் அணைந்துவிடாமல் கையால் மறைத்து நின்றவர் அவர்தான். அவர் கேள்விக்கு இன்னும் நான் பதில் சொல்லவில்லை.

கொழும்பு, கொட்டாஞ்சேனை

எங்கட வீடு கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குக் கிட்ட. செவ்வாய்க்கிழமை என்றால் அங்கே யார் எந்தச் சமயம் என்று பார்க்கவே ஏலாது. இந்துக்கள், பௌத்தர்கள், முஸ்லிம்கள் எல்லாரும் மெழுகுதிரியோடு நிற்பார்கள்.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. எங்கட கோயிலிலும் வேறு இடங்களிலும் இஸ்லாமியத் தீவிரவாதிகள் குண்டு வெடிக்க வைத்தது உங்களுக்குத் தெரியும். அடுத்த ஞாயிறு கோயில்களில் பூசை இல்லை. கர்தினால் தன் இல்லத்தில் ஒப்புக்கொடுத்த பூசையைத் தொலைக்காட்சியில் பார்த்தோம்.

எங்களுக்கு நாலு வீடு தள்ளி ஒரு முஸ்லிம் குடும்பம். அந்த வீட்டு ராத்தா (அக்கா) நோன்பு தொடங்கினால் தூக்குச்சட்டியில் கஞ்சி அனுப்புவா. நத்தாருக்கு (கிறிஸ்துமசுக்கு) எங்கட கேக் அங்கே போகும். நான் பிறக்க முன்னமே இருந்த வழக்கம். அந்த வருசம் மே மாதம் நோன்பு தொடங்கியது. கஞ்சி வரவில்லை. இரண்டாம் நாளும் இல்லை. அவையின் யன்னல்கள் பூட்டியே கிடந்தன.

மூன்றாம் நாள் அம்மா தூக்குச்சட்டியைக் கழுவித் துடைத்தா. எங்கே போறீங்கள் என்றேன். ராத்தா வீட்டுக்கு என்றா. எனக்கு ஆத்திரம் வந்தது. "செத்தது எங்கட சனம். நாங்களா போறது?" என்று கத்தினேன். அந்த நாட்களில் நான் அப்படித்தான் இருந்தேன். பூசைக்குப் போகிறவன், வீதியில் தொப்பி போட்டவரைக் கண்டால் மற்றப் பக்கம் கடந்து போனவன்.

அம்மா என்னோடு வாதாடவில்லை. போனா. நான் வாசலில் நின்று பார்த்தேன். கதவைத் தட்டி வெகுநேரம். யன்னல் சீலை கொஞ்சம் விலகியது, பிறகு கதவு திறந்தது. அம்மா வெறும் சட்டியை நீட்டினா. ராத்தா அதைப் பிடித்தபடி நிலையிலேயே சாய்ந்து அழுதா. எப்படி உங்கட முகத்தில முழிக்கிறது என்று கேட்டாவாம். எனக்குக் கஞ்சி வேணும் என்று மட்டும்தான் அம்மா சொன்னாவாம்.

பின்னேரம் ராத்தாவின் மகன் சட்டியோடு வந்தான். படியில் ஏறாமல் கீழேயே நின்றான். அவனுக்கு என்னிலும் இரண்டு வயது குறைவு. ஒன்றாகப் பந்து விளையாடி வளர்ந்தவன். "உள்ள வரலாமா?" என்று கேட்டான். அவன் வாழ்க்கையில் அந்தக் கேள்வியை எங்கட வீட்டில் கேட்டதே இல்லை.

நான் இறங்கிப் போய்ச் சட்டியை வாங்கினேன். சூடு கையைச் சுட்டது. அவனை இழுத்துக்கொண்டு மேலே வந்தேன். திரும்பிப் போகும்போது சட்டியை வெறுமையாகக் கொடுக்கக்கூடாது என்று அம்மா அதில் ஒரு கைப்பிடி சீனி போட்டு அனுப்பினா.