திருந்திய கூலிப்படை ஆள் வாய் திறந்து பேசலாமா?

செவ்வாய்ப்பேட்டை வெள்ளி:
எங்கள் கொலுசுப் பட்டறையில் பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன், மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனில் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தான். கொலம்பியாவில் போதைப்பொருள் கும்பல் தலைவன் பாப்லோ எஸ்கோபாரிடம் கூலிக்கொலையாளியாக இருந்த 'போப்பாய்' வெலாஸ்கெஸ் பேசியதை யாரோ வெட்டி, தமிழில் விளக்கம் சேர்த்துப் போட்ட துண்டு. தன் கையால் 250 பேரையாவது கொன்றதாகத் தானே சொன்னவன். 20 வருடத்துக்கு மேல் சிறையில் இருந்துவிட்டு 2014இல் வெளியே வந்தான். அப்புறம் 'மனம் திருந்திய போப்பாய்' என்று யூடியூப் சேனல் தொடங்கினான். பையன் "செம கெத்துண்ணா" என்கிறான். எனக்குச் சோறு இறங்கவில்லை. என் சித்தப்பாவை நிலத் தகராறில் ஆள் வைத்து வெட்டினார்கள். இன்றைக்கும் பைக் சத்தம் கேட்டால் சித்தி கதவைச் சாத்திவிடுவார். இந்த மாதிரி ஆட்கள் கையில் மைக் கொடுக்கவே கூடாது.

அஸ்தம்பட்டி வக்கீல்:
சித்தப்பா விஷயம் கேட்கவே கஷ்டமாக இருக்கிறது அண்ணா. ஆனால் ஒன்று. 1989 ஆகஸ்டில் அந்த நாட்டு ஜனாதிபதி வேட்பாளர் கலானைப் பிரசார மேடையில் சுட்டுக் கொன்றார்கள். அதற்குப் பின்னால் முன்னாள் நீதி அமைச்சர் சாந்தோஃபிமியோவும் இருந்தார் என்று சாட்சி சொன்னது இதே போப்பாய்தான். 2007இல் அமைச்சருக்குத் தண்டனை, 2008இல் மேல்முறையீட்டில் விடுதலை, 2011இல் உச்ச நீதிமன்றம் மறுபடி உள்ளே அனுப்பியது. கூலி வாங்கியவன் வாய் திறக்காவிட்டால் கூலி கொடுத்தவன் வெள்ளை வேட்டியோடு கல்யாண வீடுகளில் முன்வரிசையில் உட்காருவான். உங்கள் வழக்கில் பணம் கொடுத்தவன் மாட்டினானா?

செவ்வாய்ப்பேட்டை வெள்ளி:
இல்லை. வெட்டிய இரண்டு பேர் மட்டும்தான்.
சரி, அது கோர்ட். கூண்டில் குறுக்கு விசாரணை உண்டு. யூடியூபில் யார் குறுக்கே கேட்பது? இவன் இருந்த கும்பல் 1989 நவம்பரில் பறக்கிற விமானத்தில் குண்டு வைத்தது, உள்ளே இருந்த 107 பேரும் போனார்கள். அவர்களில் யாருக்குச் சேனல் இருக்கிறது? திருந்தியவன் என்று பெயர் வைத்துக்கொண்டவனை 2018இல் மிரட்டிப் பணம் பறித்த புகாரில் திரும்பவும் பிடித்தார்கள்.

ஏற்காட்டு மிளகு:
நான் காப்பித் தோட்டத்தில் கணக்கெழுதுகிறேன். ஆயுள் தண்டனையில் 17 வருடம் உள்ளே இருந்தவர் ஒருவர் எங்களிடம் வேலை செய்கிறார். இவரும் கூலிக்குப் போனவர்தான். மற்றவர்கள் கவாத்துக் கத்தியை இடுப்பில் சொருகிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். இவர் கழுவி, சாக்கில் சுற்றி என் மேசையில் வைத்துவிட்டுத்தான் போவார். ராத்திரி அவர் அறையில் கத்தி இருக்கக் கூடாது. தேங்காய் உடைப்பதென்றால்கூடப் பக்கத்து லைனில்தான்.

ஒரு மழை நாளில் அவராகவே சொன்னார்: "பேர் தெரியாதுங்க. போட்டோ காட்டுனாங்க, போனேன். பேரைக் கோர்ட்லதான் கேட்டேன். அந்தாளு சட்டைல இஸ்திரி மடிப்பு கலையவே இல்ல, அது மட்டும் கண்ணுக்குள்ள இருக்கு. எட்டாயிரம் தர்றேன்னாங்க, மூவாயிரம்தான் வந்துச்சு."

அவரைப் பேட்டி எடுக்கிறேன் என்று ஒருத்தன் கேமராவோடு 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்தான். அவன் வண்டி கீழே இறங்குகிற வரைக்கும் இவர் உரக் குடோனை விட்டு வெளியே வரவில்லை. வெள்ளி அண்ணா சொல்வதுதான் சரி. திருந்தியவன் பேச மாட்டான்.

அஸ்தம்பட்டி வக்கீல்:
அந்த மூவாயிரத்தை அவர் வாயாலேயே அந்தப் பையன் கேட்டிருந்தால் 'கெத்து' என்று சொல்லியிருப்பானா? மிச்ச ஐயாயிரத்தை அமுக்கியவன் யார்? போட்டோ காட்டியவன் யார்? அவர் சும்மா இருப்பது உங்களுக்குப் பண்பாகத் தெரிகிறது. போட்டோ காட்டியவனுக்கு அது வசதி. என் கட்சியை நான் மாற்றிக்கொள்ள மாட்டேன்.

செவ்வாய்ப்பேட்டை வெள்ளி:
மிளகு சார், அந்த வீட்டுக்கு அவர் எப்போதாவது போனாரா?

ஏற்காட்டு மிளகு:
ஒரே ஒரு தடவை. தெருமுனை வரைக்கும் போய்த் திரும்பிவிட்டாராம்.

செவ்வாய்ப்பேட்டை வெள்ளி:
திரும்பியதே நல்லது. எங்கள் சித்தியாக இருந்தால் கதவைத் திறந்திருக்க மாட்டார்.
அந்த மூவாயிரம் விஷயத்தை நாளைக்குப் பையனிடம் சொல்கிறேன். அந்த இஸ்திரி மடிப்பையும்.