வரலாறு ஒழுங்காக வருகிறது, வாசகர்தான் பத்துப் பக்கத்தைத் தாண்டவில்லை

கேள்வி (மோல்மேனிலிருந்து):
வணக்கம். பர்மாவின் ரங்கூன் நகரில் மொகல் தெருவில் துணிக்கடை வைத்திருந்த ஒருவரைப் பற்றி நாவல் எழுதுகிறேன். 1962-இல் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தது, 1964 மார்ச்சில் கடைகளை அரசு எடுத்துக்கொண்டது, மே மாதம் 50, 100 சாட் (பர்மியப் பணம்) நோட்டுகள் செல்லாமல் போனது, சென்னைக்குக் கப்பல் ஏறியது என எல்லாம் வரிசையாக வருகிறது. படித்தவர்கள் பத்துப் பக்கத்தில் மூடிவிடுகிறார்கள். நடையை மாற்ற வேண்டுமா?

பதில் (ரங்கூனிலிருந்து):
தம்பி, நடை கிடக்கட்டும். இத்தனை சொன்னீர்களே, அந்தக் கடைக்காரருக்கு என்ன வேண்டும் என்று சொன்னீர்களா? மகளுக்கு வைகாசியில் கல்யாணம் என்று வையுங்கள். சங்கிலிக்காக 100 சாட் நோட்டுகளைச் சேர்த்து, மனைவிக்கும் தெரியாமல் அரிசிப் பானைக்குள் முடிந்து வைத்திருக்கிறார். கடை போன பிறகு மிச்சம் அது ஒன்றுதான். சம்பந்தி வீட்டில் பேச அவர் பெகுவுக்குப் போன நாளில் செய்தி வரட்டும். "நம்மிடம் ஏது நூறு சாட் நோட்டு" என்று அவர் மனைவி நிம்மதியாக உலைக்கு அரிசி அளக்கிறாள். உழக்கு எதிலோ இடிக்கிறது. அங்கே அத்தியாயத்தை நிறுத்துங்கள். நோட்டு செல்லாது என்று நீங்கள் விளக்கவே வேண்டாம். வாசகருக்கு வயிறு கலங்கிவிடும். நம் பெரியவர்கள் பட்டதை ஆண்டுக்குறிப்பாக எழுதினால் எனக்கு மனம் ஆறாது.

பதில் (பெகுவிலிருந்து):
அக்கா சொல்வது சரி. ஆனால் இன்றைய பிள்ளைகளுக்கு 1964 தெரியாது. கொஞ்சம் பின்னணி வேண்டும்தான். அதைக் கடைக்குள்ளேயே வையுங்கள். சரக்கைக் கணக்கெடுக்க அரசிலிருந்து வந்தவர் கைலிகளை எண்ணுகிறார். கடைக்காரர் பழக்கதோஷத்தில் மடிப்பைச் சரிசெய்து கொடுக்கிறார். வந்தவரை வில்லனாக்காதீர்கள். சின்ன வயது, துணியின் தரம் தெரியாதவர். அது போதும்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. முடிச்சைக் கண்டெடுத்த மனைவி, கணவர் வந்ததும் கேட்பாளா?

பதில் (ரங்கூனிலிருந்து):
உடனே கேட்டால் அரைப் பக்கத்தில் தீர்ந்துவிடும். வாய் திறக்காமல் இருக்கட்டும். அவர் சங்கிலி எத்தனை பவுன் என்று பேசி முடித்து, மாப்பிள்ளை வீட்டில் வாக்கும் கொடுத்துவிட்டு, சந்தோஷமாக வீடு திரும்பட்டும்.