பழைய கல்யாணக் கணக்கு நோட்டு யாரிடமாவது இருக்கிறதா?

குழு உறவுகளுக்கு வணக்கம். முதுகலை வகுப்புக்குக் காவிரிக்கரை இசையின் சமூக வரலாறு என்று ஒரு தாள் எடுக்கிறோம். ராஜராஜன் காலத்துக்குக் கவலையில்லை: தளிச்சேரிப் பெண்டுகள் (கோயிலில் ஆடிப்பாடிய பெண்கள்) 400 பேர், பங்குக்கு 100 கலம் நெல் என்று தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டே சொல்லிவிடுகிறது. இடறுவது 1920 முதல் 1960 வரை. பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டுவதை 1947 சட்டம் தடுத்தபின் சின்னமேளத்தார் (சதிர் ஆடியவர்கள்) என்ன ஆனார்கள், பெரியமேளத்துக்கு (நாயனம், தவில் கோஷ்டி) கல்யாண வாசிப்பு எவ்வளவு சோறு போட்டது? இசைத்தட்டு இதைச் சொல்லாது. 78 சுழற்சித் தட்டில் பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம்தான். அதைக் கேட்டுவிட்டு, விடிய விடிய வாசித்த தோடி ராகத்தை எடைபோடுகிறார்கள் வகுப்புப் பிள்ளைகள்!

வேண்டியது மொய் நோட்டு, மேளத்துக்குக் கொடுத்த அச்சாரச் சீட்டு, திருவிழா நோட்டீஸ். "நாயனம் 2, தவில் 2, ஒத்து, தாளம், வண்டிச்சத்தம்" என்று ஒரு வரி கிடைத்தாலே பொன் (ஒத்து என்பது சுருதிக் குழல், வண்டிச்சத்தம் என்பது வண்டி வாடகை).

ஃபிளாஷ் போடாமல், ஜன்னல் வெளிச்சத்தில், பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படமெடுங்கள். கடைசிப் பக்கங்களை விட்டுவிடாதீர்கள், செலவுக் கணக்கு அங்கேதான் ஒளிந்திருக்கும். தயவுசெய்து லேமினேட் பண்ண வேண்டாம். பிறகு பிரிக்கவே முடியாது. 'விகிருதி வருஷம் தை' என்று மட்டும் இருந்தால் 1891ஆ, 1951ஆ தெரியாது. யார் கல்யாணம், இப்போது பேரன் பேத்திக்கு என்ன வயது என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

பெயர்களை மறைத்துத்தான் வகுப்பில் காட்டுவோம். கும்பகோணம், மாயவரம், திருவாரூர் பக்கமென்றால் நாங்களே வந்து எடுத்துக்கொள்கிறோம். நோட்டு வீட்டைவிட்டு நகர வேண்டாம்.