உதிரிபாக ஆலையில் வேலை போனால்: இஎஸ்ஐ, பி.எஃப்., இழப்பீடு அனுபவங்கள்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து, சங்கப் பணியில் இருப்பவர்

ஆர்டர் குறைந்ததும் எச்.ஆர். மேசைக்கு முதலில் வருவது டைப் அடித்து வைத்த ராஜினாமா கடிதம். "கையெழுத்துப் போடுங்க, இன்னைக்கே செட்டில்மெண்ட்" என்பார்கள். போடாதீர்கள் தோழர்களே. அந்தக் கையெழுத்தால் எவ்வளவு போகிறது என்று பாருங்கள்.

இஎஸ்ஐயில், அதாவது தொழிலாளர் அரசுக் காப்பீட்டில், வேலை இழந்தவருக்கு இரண்டு திட்டங்கள். 2005 ஏப்ரல் முதல் இருப்பது ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் யோஜனா. ஆட்குறைப்பு அல்லது ஆலை மூடலால் வேலை போயிருக்க வேண்டும், இரண்டு வருடச் சந்தா இருக்க வேண்டும். முதல் 12 மாதம் சராசரிக் கூலியில் பாதி, அடுத்த 12 மாதம் கால் பங்கு. மாதம் 15,000 வாங்கியவருக்கு ஏறத்தாழ 1,35,000 ரூபாய். இன்னொன்று அடல் பீமித் வ்யக்தி கல்யாண் யோஜனா. 90 நாள் வரைதான், அதுவும் வாழ்நாளில் ஒரே தடவை. அதே ஆளுக்குச் சுமார் 22,000.

ராஜினாமா எழுதிக் கொடுத்தவருக்கு முதல் திட்டம் கிடையாது. கம்பெனி மாதாமாதம் இஎஸ்ஐ சந்தா ஏற்றும்போது, வேலை நாள் பூஜ்யம் என்றால் காரண எண் போட வேண்டும். 2 என்றால் வேலையை விட்டுவிட்டார், 10 என்றால் ஆட்குறைப்பு. எந்த எண் ஏறியிருக்கிறது என்று கிளை அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். ஆட்குறைப்பு என்று தேதி போட்டு, கம்பெனி முத்திரையுடன் ஒரு கடிதமும் கையில் இருக்கட்டும். மறுத்தால் உங்கள் ஆட்சேபத்தை எழுதி, பதிவு வசதியுடன் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, ஒரு நகலைத் தொழிலாளர் துறை உதவி ஆணையருக்கும் அனுப்புங்கள்.

அம்பத்தூரிலிருந்து, சம்பளக் கணக்குப் பார்ப்பவர்

அடல் திட்டத்தின் 22,000 எப்படி வந்தது என்று சொல்கிறேன், பலரும் ஏமாறும் இடம் இது. கடைசி நான்கு சந்தாக் காலத்தின் (ஆறு மாதம் ஒரு காலம்) மொத்த ஊதியத்தை 730-ஆல், அதாவது இரண்டு வருட நாட்களால், வகுப்பார்கள், வேலை செய்த நாட்களால் அல்ல. 3,60,000-ஐ 730-ஆல் வகுத்தால் 493. அதில் பாதி, 90 நாளுக்கு. நடுவில் ஷிப்ட் குறைந்து ஊதியம் விழுந்திருந்தால் தொகையும் விழும்.

தகுதிக்கு, வேலை போவதற்கு முந்தைய சந்தாக் காலத்தில் 78 நாள், அதற்கு முந்தைய மூன்றில் ஏதாவது ஒன்றில் 78 நாள் சந்தா வேண்டும். ஏப்ரல் முதல் செப்டம்பர் ஒரு காலம், அக்டோபர் முதல் மார்ச் ஒரு காலம். வேலை போய் 30 நாள் கழித்து இஎஸ்ஐ தளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம், கம்பெனி அனுப்பத் தேவையில்லை. ஆதார், பாஸ்புக் நகல் போதும். 2020 நவம்பருக்குப் பிறகும் 20 ரூபாய்ப் பத்திரத்தில் உறுதிமொழி வேண்டும் என்று பிரவுசிங் சென்டரில் காசு வாங்குகிறார்கள், கொடுக்காதீர்கள். இது காலக்கெடு வைத்து நீட்டிக்கும் திட்டம். 2024-இல் நீட்டித்தது 2026 ஜூன் 30 வரை. உங்களுக்கு வேலை போன தேதி எந்த நீட்டிப்புக்குள் விழுகிறது என்று முதலில் பாருங்கள்.

ஓரகடத்திலிருந்து, காண்ட்ராக்ட் தொழிலாளர்களுக்கு உதவுபவர்

பிரஸ் ஷாப்பிலும் மோல்டிங்கிலும் காண்ட்ராக்டர் மாறினால், பழைய இஎஸ்ஐ எண்ணைக் கேட்காமல் புது எண் போட்டுவிடுவார்கள். ஐந்து வருடம் அதே மெஷினில் நின்றவருக்கும் எண் இரண்டு, மூன்று. விண்ணப்பிக்கும்போது கடைசி எண்ணில் எட்டு மாதச் சந்தாதான் தெரியும், "இரண்டு வருடம் இல்லை" என்று திருப்பிவிடுவார்கள். அதனால் விண்ணப்பத்துக்கு முன்பே பழைய பே ஸ்லிப், இஎஸ்ஐ அட்டையோடு கிளை அலுவலகம் போய் எண்களை இணைக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள்.

பி.எஃப்.பிலும் இதே வேலை. வெளியேறிய தேதியைக் காண்ட்ராக்டர் போடாவிட்டால், கடைசிச் சந்தாவுக்கு இரண்டு மாதம் கழித்து யூஏஎன் (பி.எஃப். உறுப்பினர் எண்) தளத்தில் ஆதார் ஓடிபி மூலம் நீங்களே போடலாம். ஒருமுறை போட்டதை நீங்களே மாற்ற முடியாது, மாதத்தைச் சரிபார்த்துப் போடுங்கள். ஐந்து வருடத்துக்குக் குறைந்த சேவையில் 50,000-க்கு மேல் எடுத்தால் வரி பிடிப்பார்கள். பழைய கணக்குகளை முதலில் மாற்றிச் சேர்த்தால் சேவை கூடும், பிடித்தம் இல்லாமல் போகும்.

மறுபடி ஸ்ரீபெரும்புதூர்

இழப்பீட்டைச் சொல்லாமல் விட்டேன். ஒரு வருடத்தில் 240 நாள் வேலை செய்தவரை ஆட்குறைப்பு செய்தால் ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம், பிறகு ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சராசரி ஊதியம். ஆறு மாதத்துக்கு மேல் போன மீதியும் ஒரு வருடம்தான். 2025 நவம்பர் 21-இல் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு அமலுக்கு வந்தபின், மறுதிறன் நிதி (வேறு வேலை கற்றுக்கொள்ள) என்று இன்னும் 15 நாள் ஊதியம் 45 நாளுக்குள் உங்கள் கணக்கில் ஏற வேண்டும். இதை எச்.ஆர். தானாகச் சொல்வதில்லை. ஆட்குறைப்புக்கு அரசிடம் முன் அனுமதி வாங்க வேண்டிய ஆலைக்கு ஆள் எண்ணிக்கை வரம்பு 100-லிருந்து 300 ஆகிவிட்டது. சின்ன உதிரிபாக ஆலைகள் பெரும்பாலும் அதற்குக் கீழேதான், தொழிலாளிக்கு இது பெரிய இழப்பு.

ஐந்து வருடம் முடித்தவருக்குப் பணிக்கொடை (கிராஜுவிட்டி) தனி. "இழப்பீட்டிலேயே சேர்த்துவிட்டோம்" என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள், இரண்டையும் தனித்தனி வரியாக எழுதித் தரச் சொல்லுங்கள்.

வீட்டில் சுகர், டயாலிசிஸ் என்று இருப்பவர்கள் கவனிக்க: ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை 78 நாள் சந்தா இருந்து செப்டம்பர் கடைசியில் வேலை போனாலும், அடுத்த ஜூன் 30 வரை இஎஸ்ஐ மருத்துவம் உண்டு. மருந்தகத்தில் இல்லை என்று சொன்னால் இந்தத் தேதியைச் சொல்லிக் கேளுங்கள்.