முக்கால் கோடியை யார் கட்டுறது?

மலைக்காற்று:
"மலை ஏறி மாட்டிக்கிட்டவன் மீட்புச் செலவை அவனே கட்டணும், பாலக்காட்டுல ஒருத்தனுக்காக முக்கால் கோடி போச்சு"ன்னு நேத்து ஒருத்தர் இங்க எழுதினார். படிச்சதும் பத்திக்கிட்டு வருது. 2022 பிப்ரவரி, மலம்புழா பக்கம் செராடு மலை. சறுக்கி விழுந்து பாறை இடுக்குல மாட்டின பையன் நாப்பது மணி நேரத்துக்கு மேல தண்ணி இல்லாம உக்காந்திருந்தான். கடலோரக் காவல்படை ஹெலிகாப்டரால ஒண்ணும் முடியல. நீலகிரி வெலிங்டன், பெங்களூருலருந்து வந்த ராணுவக் குழு உச்சிக்குப் போயி, ஒருத்தர் கயித்துல இறங்கி, முதல்ல தண்ணி குடுத்து, தன்னோட சேத்துக் கட்டி மேல கொண்டுவந்தார். அந்த முக்கால் கோடில புதுசா செலவானது எவ்வளவு? ஜவானுக்கு அன்னைக்கும் சம்பளம் உண்டு. பைலட் பயிற்சிக்காக எப்படியும் பறந்தே ஆகணும்.

பொதிகை:
பறந்தே ஆகணும்னா எரிபொருள் வானத்துலருந்தா கொட்டுது? முக்கால் கோடின்னா முக்கால் கோடிதான். அனுமதி இல்லாம காட்டுக்குள்ள போனது தப்பா இல்லையா, அதச் சொல்லுங்க சார்.

மலைக்காற்று:
தப்புதான். அதுக்கு வனச்சட்டத்துல வழக்கு இருக்கு, போட்டாங்க. வழக்கு வேற, பில்லு வேற. சாயங்காலம் 4 மணிக்குக் கணுக்கால் பிசகினவன் அப்பவே 112 அடிச்சா, ஒரு ஸ்ட்ரெச்சர், மாத்தி மாத்தித் தூக்க எட்டுப் பேர், வெளிச்சத்துலயே பாதி வழி இறக்கிடலாம். பில்லுக்குப் பயந்து "நானே இறங்கிடுறேன்"னு நொண்டி நடப்பான். இருட்டுல தடம் மாறி ஓடைக்குள்ள இறங்குவான். ஓடைல சிக்னல் இருக்காது. ராத்திரி 9 மணிக்குச் சார்ஜ் 3 சதவீதத்துல கூப்பிட்டா, எங்க இருக்கான்னு தேடவே முப்பது பேர் வேணும். தேடுறதுதான் செலவு, தூக்குறது இல்ல. உங்க முக்கால் கோடி இப்படித்தான் ரெண்டு கோடி ஆகும்.

வரைபடம்:
ஜப்பான்ல சைத்தாமா மாகாணம் 2018லயே குறிப்பிட்ட மலைகள்ல மீட்பு ஹெலிகாப்டருக்கு 5 நிமிஷத்துக்கு 5,000 யென்னு வாங்க ஆரம்பிச்சிடுச்சு. அமெரிக்காவுல நியூ ஹாம்ப்ஷயர்ல அலட்சியமா போனவனுக்கு பில்லு வரும், 25 டாலர் அட்டை வாங்கியிருந்தா அதுலருந்து தப்பலாம். உலகம் பூரா தெரிஞ்ச விஷயம் மலைக்காற்றுக்கு மட்டும் தெரியல.

மலைக்காற்று:
நீங்களே போட்டு உடைச்சிட்டீங்க. அட்டை ஏறுறதுக்கு முன்னாடி வாங்குறது. அடிவாரத்துல நூறு ரூபா வாங்குங்க, நானே வரிசைல நிக்கிறேன். பொழச்சு வந்தவன் கையில முக்கால் கோடி பில்லை நீட்டாதீங்க.

பொதிகை:
குரங்கணிய மறந்தாச்சா? 2018 மார்ச் 11, காட்டுத்தீ, 23 உயிர் போச்சு. முதல்ல மேல ஓடினது ஊர்க்காரங்க. போர்வையக் கம்புல கட்டித் தூக்கிட்டு வந்தாங்க. அவங்களுக்கு எந்தச் சம்பளக் கணக்கு?

கயிறு சுப்பு:
ரெண்டு பேரும் சும்மா கத்துறீங்க. உச்சிக்குக் கயிறோட ஆளு போறதுதான் அங்க தாமதம். 11 மில்லிமீட்டர் ஸ்டேடிக் கயிறு, அதாவது அதிகம் நீளாத கயிறு, 200 மீட்டர், உடம்புல மாட்டுற பட்டை (ஹார்னஸ்) ரெண்டு, நாலு கப்பி, பாறை விளிம்புல கயிறு தேயாம இருக்க பேட், பழகின ஆறு பேர். தாலுகாவுக்கு ஒரு செட் வெச்சா ஹெலிகாப்டரே வேணாம்.

வரைபடம்:
டைனமிக் கயிறும் போதும்.

கயிறு சுப்பு:
போதாது. டைனமிக் விழுறவனைத் தாங்க, நீண்டு குடுத்து அதிர்ச்சியை வாங்கிக்கும். அதுல ஆளைத் தூக்கினா, நீங்க இழுக்குற முதல் சில மீட்டர் கயிறு நீள்றதுக்கே போயிடும். மேல வரவேண்டியவன் எம்பி எம்பி பாறையில உரசுவான். விளிம்புல கயிறும் ரம்பம் மாதிரி முன்னும் பின்னும் தேயும். வெள்ளியங்கிரி பத்திப் பேசினப்பவும் இதே தப்பைத்தான் சொன்னீங்க.

வரைபடம்:
அப்ப நான் சொன்னது வேற. பழசைக் கிளறாதீங்க.

பொதிகை:
கயிறு கிடக்கட்டும். ஹெலிகாப்டர் காத்துனாலதான் நெருங்கல, அதையும் யாரும் ஒழுங்கா சொல்லல.

மலைக்காற்று:
காத்து மட்டும் இல்ல அண்ணே. செங்குத்துப் பாறையை ஒட்டி நின்னா விசிறி பாறையில இடிக்கும். தள்ளி நின்னு கம்பியை இறக்கினா இடுக்குக்குள்ள இருக்கிறவன் கைக்கு எட்டாது. உச்சிக்கு வந்தப்புறம் விமானப்படை ஹெலிகாப்டர் தூக்கிட்டுதானே போச்சு? அத விடுங்க. முக்கால் கோடில புதுச் செலவு எவ்வளவு? ரெண்டாவது தடவை கேக்குறேன்.

பொதிகை:
அனுமதி வாங்கினானா? நானும் ரெண்டாவது தடவை கேக்குறேன்.

மலைக்காற்று:
முதல்ல என் கேள்விக்குப் பதில்.